துடைத்த துணி

தையல் பிழைத்தால் பிரித்துவிடலாம்.
இருபத்தொரு வருஷமாக நான் நம்பியது இதைத்தான்.
கழுத்து இறங்கிய ரவிக்கை,
கை மாற்றித் தைத்த பள்ளிச் சட்டை,
கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி
இடுப்புப் போதாமல் திரும்பி வந்த பாவாடை,
எல்லாவற்றையும் பிரித்திருக்கிறேன்.
பிரித்த நூல் மேசைக்கடியில் சுருண்டு கிடக்கும்,
யார் பிழையென்று ஒருவருக்கும் சொல்லாது.

பெயிண்ட் அப்படியில்லை.
விழுந்தால் விழுந்ததுதான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரி மாடியில் என் கடை.
ஜன்னலைத் திறந்தால் பாண் வாசம் வரும்,
சிங்கமலையும் வரும்,
பாதி மலைதான் வரும்.
மீதியைப் பனிமூட்டம் வைத்துக்கொள்ளும்.

அந்த மலையைத் துணியில் போட்டேன்,
வெட்டி மிஞ்சிய துண்டுகளால்.
யாரோ ஒருத்தியின் பச்சைச் சேலைக்கரை,
பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக்காரரின் ஊதா,
ரயில் குகைக்குக் கறுப்பு லைனிங்.
தேயிலைச் செடிக்கு முடிச்சுத் தையல்,
ஆயிரத்து நானூறு முடிச்சு, எண்ணினேன்.
மூட்டம் மட்டும் வரவில்லை.
வெள்ளை நூலில் தைத்தால் ஒட்டடை.
பஞ்சு வைத்தால் ஆட்டுக்குட்டி.
நூலுக்கு இரண்டு நுனி,
துணிக்கு நான்கு ஓரம்,
மூட்டத்துக்கு எங்கே ஓரம்?

"பெயிண்ட் போட்டுப் பாரேன்" என்றாள் றிஸ்மியா,
பொத்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல்,
கறிக்குக் கொஞ்சம் உப்புப் போட்டுப் பார் என்பதுபோல.

வாங்கினேன்.
வெள்ளை ஒரு டியூப், சாம்பல் ஒன்று,
தட்டைத் தூரிகை ஒன்று.
பொபின் டப்பாவில் வைத்து மூடினேன்.
தைப்பொங்கல் ஓர்டர் முடிந்து
சித்திரை ஓர்டர் தொடங்கியது.
மூடியைத் திருகவில்லை.
நாலாம் வகுப்பில் நான் வரைந்த மாட்டைப் பார்த்து
"நாற்காலி நல்லாயிருக்கு" என்றார் சித்திர டீச்சர்.
ஊசி பிடித்த கை அதை மறந்திருந்தது.
தூரிகை பிடித்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு. கரண்ட் இல்லை, மெசின் ஓடாது.
மழையில் படியேறி வர ஆளில்லை.
இன்ச் டேப்பை விரித்து
மூட்டம் எத்தனை அங்குலம் என்று அளந்தேன்,
சத்தியமாக.
சோக்கால் கோடு கிழித்து
கோட்டுக்கு வெளியே போகாமல்
மூட்டத்தைப் பூசினேன்.

தயிர்.
சிங்கமலைமேல் ஒரு சட்டித் தயிர்.
முந்நூறு முடிச்சாவது அதற்கடியில்.

பிரிக்க நூலில்லை.
கத்தரிக்கோலை எடுத்தேன், எதை வெட்ட?
கையில் அகப்பட்ட உள்துணித் துண்டால்
அழுத்தித் துடைத்தேன், திருப்பித் துடைத்தேன்,
எச்சில் தொட்டுத் துடைத்தேன்,
டீச்சரைத் திட்டிக்கொண்டே துடைத்தேன்.
நல்லவேளை, இந்த ஊரில் எதுவும் சீக்கிரம் காயாது.
துவைத்த காலுறை மூன்று நாள்
அடுப்போரம் தவம் கிடக்கும் ஊர்.

கரண்ட் வந்தது.
முடிச்செல்லாம் நரைத்திருந்தன.
பரவாயில்லை, விடியற்காலையில்
செடியும் நரைத்துத்தான் நிற்கும்.
துடைத்த துண்டை எறியப் போனேன்.
எறிய முடியவில்லை.
அதில் இருந்தது,
ஒரு பக்கம் அடர்ந்து
மறுபக்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்,
மலையின் மீதிப் பாதி.

பயப்படாமல் பூசியிருக்கிறேன்,
பூசுகிறேன் என்று தெரியாததால்.

விளிம்பை மடிக்காமல், பிசிறோடு,
மலைமேல் வைத்து ஒளித்தையல் போட்டேன்.
மடிக்காத விளிம்பு! றிஸ்மியா கண்டால் கத்துவாள்.
பிறகு சாம்பல் டியூபைத் திறந்தேன்,
இம்முறை தெரிந்தே.
கை நடுங்கியது.
நடுங்கிய இடம் மழையாக இருக்கட்டும் என்று விட்டேன்.

திங்கட்கிழமை
ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அக்கா
என் நகக்கண்ணைப் பார்த்து
"வீட்டுக்கு வெள்ளையடிச்சீங்களா?" என்றார்.
"மலைக்கு" என்றேன்.
சிரித்தார்.
கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினேன்.
முப்பத்தாறரை.